பழைய விண்மீன்களின் வேதியியலை வீட்டு மேசையிலிருந்து அளப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாத நடுப்பகுதியில், இரவு பதினொரு மணியளவில், சிங்கப்பூரின் தலையுச்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 12 பாகை தள்ளி, துலா மண்டலத்தைச் சேர்ந்த ஒரு விண்மீன் கடந்துசெல்கிறது. அதற்கு முறையான பெயர் இல்லை, பட்டியல் எண்தான் உண்டு: எச்டி 140283. தோற்றப் பொலிவு 7.2 என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நம் நகர வெளிச்சத்தில் அதைப் பிடிக்கச் சிறு தொலைநோக்கியாவது வேண்டும். ஏறத்தாழ 200 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அவ்விண்மீனின் மேற்பரப்பு வெப்பநிலை கிட்டத்தட்ட நம் சூரியனுடையதே. ஆயினும் அதிலுள்ள இரும்பு, ஹைட்ரஜனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சூரியனில் இருப்பதில் சுமார் 250இல் ஒரு பங்குதான். பால்வீதி இளமையாக இருந்தபோது, விண்வெளி வாயுவில் இரும்பு பெருமளவில் சேர்வதற்கு முன்பே பிறந்துவிட்ட விண்மீன் அது.

அந்த 250இல் ஒரு பங்கு என்ற எண்ணை நீங்களே அளந்து பெறுவதற்கான வழியை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இயற்பியல் படித்த ஒருவருக்கு, மடக்கையும் அலைநீளமும் மறந்துபோகாதிருந்தால், இது எட்டாத வேலை அன்று. இரண்டு மூன்று வார இறுதிகள் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தேவையானவை

ஒரு சாதாரண மடிக்கணினி, இணைய இணைப்பு, பைத்தான் நிரல்மொழியில் அடிப்படைப் பழக்கம், ஒரு குறிப்பேடு. தொலைநோக்கி வேண்டியதில்லை. பத்து மீட்டர் அகலக் கண்ணாடிகள் சேகரித்த நிறமாலைகள் பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கும்போது, வீவக அடுக்குமாடியின் நடைவழியில் நின்று மேகத்தோடு மல்லுக்கட்டுவது வேறொரு இன்பத்திற்காக மட்டுமே. அந்த இன்பத்தைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

முதற்படி: அளவுமுறையைப் பழகிக்கொள்ளுதல்

வானியலாளர்கள் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் தவிர மற்ற எல்லாத் தனிமங்களையும் உலோகம் என்று அழைக்கிறார்கள். ஆக்சிஜனும் கார்பனும் அவர்கள் கணக்கில் உலோகங்களே. வேதியியல் ஆசிரியர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் துறையின் வழக்கு அதுதான். சூரியனின் நிறையில் இவ்வுலோகங்கள் எல்லாம் சேர்ந்தே 1.4 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கின்றன.

ஒரு தனிமத்தின் அளவைச் சொல்ல, ஒரு லட்சம் கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு, அதாவது பத்தின் 12ஆம் அடுக்குக்கு, அத்தனிமத்தின் அணுக்கள் எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணின் மடக்கையை எடுக்கிறார்கள். இந்த அளவில் ஹைட்ரஜனின் மதிப்பு 12; சூரியனில் இரும்பின் மதிப்பு 7.50. மடக்கையை அவிழ்த்துப் பார்த்தால், சூரியனில் ஏறத்தாழ 32,000 ஹைட்ரஜன் அணுவுக்கு ஓர் இரும்பு அணு இருக்கிறது என்று பொருள். எச்டி 140283இல் இரும்பின் மதிப்பு 5.1ஐ ஒட்டி வரும். இரண்டையும் கழித்தால் −2.4. இந்தக் கழித்தல் விடையைத்தான் துறையினர் விண்மீனின் உலோகத்தன்மை என்கிறார்கள். சூரியன் பூச்சியம், −1 என்றால் பத்தில் ஒரு பங்கு, −2 என்றால் நூறில் ஒரு பங்கு. 2014இல் அறிவிக்கப்பட்ட ஒரு தென்வான விண்மீனின் ஒளியில் இரும்பின் தடயம் ஒன்றுகூடத் தென்படவில்லை. அதன் உலோகத்தன்மை −7க்கும் கீழே என்ற மேல்வரம்பை மட்டுமே கூற முடிந்தது.

இந்த அளவில் 0.3 என்பது இரு மடங்கு என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் பிற்பாடு ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது தடுமாற்றம் இருக்காது.

இரண்டாம் படி: வெப்பநிலையை முதலில் கேட்டல்

புதியவர்கள் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான் என்பதால் சற்று நின்று பேசுகிறேன். விண்மீனின் ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்தால், வானவில் போன்ற பட்டையின் குறுக்கே கருங்கோடுகள் தெரிகின்றன. ஒவ்வொரு தனிமத்திற்கும் தன் கோடுகள் உண்டு என்பதைக் கிர்க்காஃபும் புன்சனும் 1859, 1860 ஆண்டுகளில் நிலைநாட்டினார்கள். ஆகவே கோடு தடித்திருந்தால் தனிமம் மிகுதி, மெலிந்திருந்தால் குறைவு என்று எண்ணத் தோன்றும். அது தவறு.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் நிற்கும் கூட்டத்தை எண்ணிச் சிங்கப்பூரின் மக்கள்தொகையைக் கணிக்க முயல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அதே சாலையில் பத்திலொரு பங்கு ஆட்கள்தான் இருப்பார்கள். நாட்டில் ஆள் குறைந்துவிடவில்லை. அவர்கள் வேறெங்கோ வேலையில் இருக்கிறார்கள். அதுபோல, ஒரு நிறமாலைக் கோட்டை உண்டாக்குவது அத்தனிமத்தின் எல்லா அணுக்களும் அல்ல. குறிப்பிட்ட ஓர் ஆற்றல்நிலையிலும் குறிப்பிட்ட அயனி நிலையிலும் இருப்பவை மட்டுமே. அந்நிலையில் எத்தனை பங்கு அணுக்கள் இருக்கும் என்பதை வெப்பநிலையும், சற்றுக் குறைந்த அளவில் அழுத்தமும் முடிவு செய்கின்றன. அதற்கான சமன்பாட்டை 1920இல் மேகநாத் சாஹா தந்தார். 1925இல் சிசிலியா பேன் அதைக்கொண்டு கணக்கிட்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவு அன்றைய பெரியவர்களுக்கு உவப்பாக இல்லாததால், அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று தம் ஆய்வேட்டிலேயே எழுத வேண்டியதாயிற்று.

எச்டி 140283இன் கதையும் இதே பாடந்தான். அதன் கோடுகள் மெலிந்திருந்ததால், அது சூரியனைவிட வெப்பம் மிகுந்த ஏ வகை விண்மீன்களைச் சேர்ந்தது என்று நெடுங்காலம் வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 1951இல் சேம்பர்லெயினும் ஆலரும் அதையும் எச்டி 19445 என்ற மற்றொரு விண்மீனையும் ஆராய்ந்து, அவை அவ்வளவு வெப்பமானவை அல்ல, உண்மையிலேயே உலோகம் குறைந்தவை என்று காட்டினார்கள். அவர்கள் கண்ட பற்றாக்குறை இன்றைய மதிப்பைவிடச் சிறியது. ஆனாலும் எல்லா விண்மீன்களும் ஒரே கலவையால் ஆனவை என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டங்கண்டது.

எனவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான்கு எண்களுக்கு இடம் விடுங்கள்: வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, நுண்கொந்தளிப்பு (விண்மீன் வாயுவின் சிற்றளவுக் குமுறல்), உலோகத்தன்மை. கடைசி எண்தான் நீங்கள் தேடுவது. முதல் மூன்றும் சரியாக அமையாமல் அது சரியாக அமையாது. சூரியனை ஒத்த விண்மீனில் வெப்பநிலையை 100 கெல்வின் தவறாக எடுத்தால், நடுநிலை இரும்பின், அதாவது எலக்ட்ரான் எதையும் இழக்காத இரும்பின், அளவு ஏறத்தாழ 0.1 பிசகும்; அதாவது கால் பங்கு பிழை.

மூன்றாம் படி: விண்மீன்களைத் தேர்தல்

மூன்று பொருள்களை, சொல்லும் வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சூரியன். நிலவிலோ குறுங்கோளிலோ பட்டுத் திரும்பிய சூரிய ஒளியின் நிறமாலைகளைப் பெரிய ஆய்வகங்கள் எடுத்து வைத்திருக்கின்றன. விடை தெரிந்த கணக்கைச் செய்து பார்ப்பதால் உங்கள் முறையில் உள்ள குறை வெளிப்படும்.

அடுத்து, நாம் சுவாதி என்று அழைக்கும் ஆர்க்டரஸ். மே, ஜூன் மாத முன்னிரவுகளில் இங்கிருந்து நன்றாகத் தெரியும் செம்மஞ்சள் விண்மீன் அது. தொலைவு ஏறத்தாழ 37 ஒளியாண்டு. வெப்பநிலை 4290 கெல்வின் அளவு, உலோகத்தன்மை −0.5. சூரியனுக்கு அருகே கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றாமல் தனி வேகத்தில் குறுக்கிட்டுச் செல்கிற, பால்வீதியின் தடித்த தட்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் முதிய விண்மீன். துறையில் எல்லாருடைய அளவுகோலும் இதன்மேல் சோதிக்கப்பட்டிருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க எண்ணற்ற மதிப்புகள் கிடைக்கும். ஆனால் இது குளிர்ந்த பெருவிண்மீன். கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, எச்டி 140283. கோடுகள் குறைவு, சுற்றிலும் வெற்றிடம். அளப்பதற்கு இதுவே எளிது. வெப்பநிலை ஏறத்தாழ சூரியனுடையதே என்பதால், இரண்டு நிறமாலைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வரைந்த மாத்திரத்தில் வேறுபாடு கண்ணில் அறையும். சூரியனில் ஆழமாகக் குழிந்திருக்கும் 5167, 5173, 5184 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) மெக்னீசியக் கோடுகள் இங்கே மெலிந்து நிற்கின்றன. அவற்றைச் சுற்றிச் சூரியனில் மொய்க்கும் இரும்புக் கோடுகளில் பெரும்பாலானவை காணாமலே போய்விட்டன.

தேர்ந்த விண்மீனின் பெயரை சிம்பாட் தரவுத்தளத்தில் இட்டு, அதன் இருப்பிடம், ஆரத் திசைவேகம் (நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ செல்லும் வேகம்), முன்பு யார் யார் என்னென்ன மதிப்பு கண்டார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இரட்டை விண்மீனா, மாறும் விண்மீனா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு விண்மீன்களின் ஒளி கலந்திருந்தால் தொடக்கநிலையில் தொடவே வேண்டாம்.

நான்காம் படி: நிறமாலையைப் பெறுதல்

ஐரோப்பியத் தெற்கு ஆய்வகத்தின் களஞ்சியத்தில், சிலியின் பரனால் மலையிலுள்ள பெருந்தொலைநோக்கிகள் எடுத்த நிறமாலைகள், ஆய்வாளர்களுக்கு உரிய தனியுரிமைக் காலம் முடிந்தபின் பொதுவில் வைக்கப்படுகின்றன. அவற்றுள் ஏற்கெனவே சீரமைக்கப்பட்டவற்றை மட்டும் தேடி எடுங்கள். மூலத் தரவிலிருந்து நிறமாலையைப் பிரித்தெடுப்பது தனிக் கலை, அதை இப்போது கற்கத் தேவையில்லை. நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் பிரிதிறன் 40,000க்கு மேலும், குறிப்பலை இரைச்சலைவிட நூறு மடங்குக்கு மேலும் இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்புகள் ஃபிட்ஸ் என்ற வடிவில் வரும். பைத்தானின் ஆஸ்ட்ரோபை தொகுதி அவற்றைத் திறந்துவிடும்.

திறந்தவுடன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். அலைநீளங்கள் காற்றில் அளந்தவையா, வெற்றிடத்திற்கு மாற்றப்பட்டவையா? பூமி சூரியனைச் சுற்றும் வேகத்திற்கான திருத்தம் செய்யப்பட்டுள்ளதா? முதல் கேள்வியை நான் கேட்காமல் விட்டதன் விலை மூன்று வாரம். 5000 ஆங்ஸ்ட்ராம் அருகே காற்று அலைநீளத்திற்கும் வெற்றிட அலைநீளத்திற்கும் இடையே 1.4 ஆங்ஸ்ட்ராம் வேறுபாடு உண்டு. வேகக் கணக்கில் அது நொடிக்கு 83 கிலோமீட்டர். வெற்றிட அளவிலிருந்த கோப்பைக் காற்றளவுக் கோட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு, என் விண்மீனின் வேகம் எந்தப் பட்டியலோடும் ஏன் பொருந்தவில்லை என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோமோ என்ற நப்பாசைகூட ஓரிரவு இருந்தது.

ஐந்தாம் படி: பெயர்ச்சியும் தொடரொளி மட்டமும்

எச்டி 140283 நம்மை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. டாப்ளர் விளைவால் அதன் 5183.6 ஆங்ஸ்ட்ராம் மெக்னீசியக் கோடு நீலப் பக்கமாக ஏறக்குறைய 3 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்து நிற்கும். நகர்ந்த அளவிலிருந்து வேகத்தைக் கணித்து, அலைநீளங்கள் அனைத்தையும் ஓய்வுநிலைக்குத் திருப்புங்கள். திருப்பிய பிறகு நகராமல் அடம்பிடிக்க வேண்டியவை நகர்ந்திருப்பதைக் காண்பீர்கள்: 6870 ஆங்ஸ்ட்ராம் பகுதியிலும் 7600 பகுதியிலும் உள்ள ஆக்சிஜன் பட்டைகள் நம் வளிமண்டலத்தைச் சேர்ந்தவை, விண்மீனோடு சேர்ந்து நகர்ந்தவை அல்ல. அவற்றை விண்மீனின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

அடுத்து வருவது, என் கருத்தில், இக்கலையின் பாதி. கோடு எவ்வளவு ஆழம் என்று சொல்ல, கோடே இல்லாதிருந்தால் ஒளி எந்த மட்டத்தில் இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். அந்தக் கற்பனை மட்டத்தைத் தொடரொளி மட்டம் என்கிறோம். நிறமாலையில் கோடற்ற இடங்களைப் பொறுக்கி, அவற்றின் வழியே இழைவான ஒரு வளைவை வரைந்து, முழு நிறமாலையையும் அதனால் வகுத்துவிட வேண்டும். எந்த மென்பொருளும் இதைத் தானே செய்து தரும். ஆனால் அது இரைச்சலை மட்டமாகவும், அகன்ற ஹைட்ரஜன் கோட்டின் இறக்கைகளைச் சரிவாகவும் எடுத்துக்கொண்டு ஏமாறும். ஆகையால் ஒவ்வொரு பகுதியையும் கண்ணால் பாருங்கள். கணக்கு எளியது: கோடு 0.4 ஆங்ஸ்ட்ராம் அகலத்திற்குப் பரவியிருக்கையில் மட்டத்தை ஒரு விழுக்காடு மேலே வைத்துவிட்டால், கோட்டின் பரப்பில் 4 மில்லி ஆங்ஸ்ட்ராம் பொய்யாகச் சேர்ந்துவிடும். பழைய விண்மீனில் பல கோடுகளின் மொத்தப் பரப்பே 10 மில்லி ஆங்ஸ்ட்ராம்தான். நாற்பது விழுக்காடு பிழை அங்கேயே நுழைந்துவிட்டது.

அந்தத் தொடரொளி எதனால் அமைகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. சூரியனை ஒத்த விண்மீன்களில் ஒளியைத் தடுப்பது பெரும்பாலும், கூடுதலாக ஓர் எலக்ட்ரானை ஒட்டவைத்துக்கொண்ட ஹைட்ரஜன் அயனி. 1939இல் ரூபர்ட் வில்ட் முன்வைத்த இக்கருத்தை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துச் சென்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1940களில் துல்லியமான கணக்காக்கினார். அந்தக் கூடுதல் எலக்ட்ரான்களைத் தருபவை மெக்னீசியம், இரும்பு போன்ற உலோகங்கள். உலோகம் குறைந்தால் எலக்ட்ரானும் குறையும், மூட்டமும் விலகும். நாம் விண்மீனுக்குள் இன்னும் ஆழமாகப் பார்ப்போம். கோட்டின் வலிமை தனிமத்தின் அளவோடு நேர்விகிதத்தில் இறங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறாம் படி: கோட்டின் பரப்பை எண்ணாக்குதல்

மட்டம் அமைந்தபின், ஒவ்வொரு கோட்டின் பரப்பையும் அதே பரப்புடைய, முழுக் கருமையான ஒரு செவ்வகத்தின் அகலமாக மாற்றி எழுதுகிறார்கள். இதற்குச் சமான அகலம் என்று பெயர். 10 முதல் 100 மில்லி ஆங்ஸ்ட்ராமுக்குள் அடங்கும் கோடுகளை மட்டும் எடுங்கள். அதைவிட மெலிந்தவை இரைச்சலில் மூழ்கும். அதைவிடத் தடித்தவை நிறைந்துவிட்டவை. காலை நேரத்து விரைவுரயில் பெட்டி நிரம்பியபின் நடைமேடையில் எத்தனை பேர் கூடினாலும் பெட்டிக்குள் எண்ணிக்கை ஏறாததுபோல, அணுக்கள் கூடினாலும் அக்கோடுகள் அவ்வளவாகத் தடிப்பதில்லை. இரும்புக்கு முப்பது, நாற்பது கோடுகளாவது கிடைத்தால் நிம்மதி.

கோட்டுப் பட்டியலை வியன்னா அணுக்கோட்டுத் தரவுத்தளத்திலிருந்து பெறலாம். விண்மீனின் வளிமண்டலம் உயரத்திற்கேற்ப எப்படி மாறுகிறது என்பதைச் சொல்லும் மாதிரிகளை அமெரிக்காவின் ராபர்ட் குருஸும், மார்க்ஸ் என்ற பெயரில் சுவீடனைச் சேர்ந்த குழுவினரும் கணித்து வைத்திருக்கிறார்கள். பட்டியலையும் மாதிரியையும் சமான அகலங்களையும் சேர்த்து அரைத்துத் தரும் இயந்திரங்களுள் பழையது, கிறிஸ் ஸ்னீடன் 1973இல் எழுதி இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் மூக் என்ற நிரல். புதியவர்களுக்கு நான் சொல்வது ஐஸ்பெக். பைத்தானில் இயங்கும் அது மேற்சொன்ன மட்டம் அமைத்தல், பெயர்ச்சித் திருத்தம் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கிறது.

நிரலை ஓட்டினால் ஒவ்வோர் இரும்புக் கோட்டுக்கும் ஓர் அளவு வரும். இப்போது மூன்று சோதனைகள். கோடுகளின் கிளர்வு ஆற்றலுக்கு (கோட்டை உண்டாக்கும் அணு முன்பே இருக்க வேண்டிய ஆற்றல்நிலைக்கு) எதிராக அந்த அளவுகளைக் குறித்தால் புள்ளிகளின் போக்கு சாய்ந்திருக்கக் கூடாது. சாய்ந்தால் வெப்பநிலை தவறு. கோட்டின் வலிமைக்கு எதிராகக் குறித்தாலும் சாய்வு கூடாது. சாய்ந்தால் நுண்கொந்தளிப்பு தவறு. நடுநிலை இரும்பும் அயனி இரும்பும் ஒரே விடையைத் தர வேண்டும். தராவிட்டால் மேற்பரப்பு ஈர்ப்பு தவறு. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று அசையும், ஆகவே சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

மூன்றாவது சோதனையை மட்டும் பழைய விண்மீன்களில் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். உலோகம் குறைந்த வளிமண்டலத்தில் புற ஊதாக் கதிர்கள் தடையின்றி ஊடுருவி, எளிய கணக்கு எதிர்பார்ப்பதைவிட அதிகமான இரும்பு அணுக்களை அயனியாக்கிவிடுகின்றன. நடுநிலைக் கோடுகள் அதனால் இளைத்து, ஈர்ப்பைக் குறைத்துக் காட்டும். 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்ட கையா விண்கலம் அளந்து தந்த தொலைவைக்கொண்டு விண்மீனின் ஒளிர்வையும், அதன்வழியே ஈர்ப்பையும் கணக்கிட்டு, அந்த எண்ணை அப்படியே நிலைநிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது.

எல்லாம் முடிந்து உங்கள் விடை −2.2க்கும் −2.6க்கும் இடையே வந்திருந்தால், வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. −1.5 வந்தால் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள்; பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் ஒளிந்திருப்பான்.

நிறமாலையைத் தொடாமல் செல்லும் குறுக்குவழி

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு, பிறர் ஏற்கெனவே அளந்து தொகுத்த அளவைப் பட்டியல்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள 3.9 மீட்டர் தொலைநோக்கியைக்கொண்டு நடத்தப்பட்ட கலா அளவையின் மூன்றாம் தொகுப்பில் 588,571 விண்மீன்களுக்கும், 2024இல் வெளிவந்த நான்காம் தொகுப்பில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களுக்கும் தனிம அளவுகள் உள்ளன. அகச்சிவப்பில் இயங்கும் அபோஜி அளவை, தூசு மறைக்கும் பால்வீதியின் நடுப்பகுதிவரை எட்டிப் பார்த்திருக்கிறது. டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் ஒரு பட்டியலைத் திறந்து, கிடையச்சில் உலோகத்தன்மையையும், நிலையச்சில் இரும்போடு ஒப்பிட்ட மெக்னீசிய விகிதத்தையும் வையுங்கள். பத்தே நிமிட வேலை. தர எச்சரிக்கைக் குறிகளைப் பார்த்து, ஐயத்துக்குரியவற்றை நீக்கிவிட்டே வரைய வேண்டும். இதைச் செய்யாதவர்கள் குப்பையை விண்மீன் கூட்டம் என்று நம்பிவிடுவார்கள்.

எனினும் ஒரு விண்மீனையாவது கையால் அளந்தபின் பட்டியலுக்குப் போவதே நல்லது என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யாரோ, அல்லது எதுவோ, வரைந்த ஒரு தொடரொளி மட்டம் இருக்கிறது.

வானத்தைப் பார்க்க விரும்புவோருக்கு

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருப்பதால், வடவானம் தென்வானம் இரண்டிலும் உள்ள விண்மீன்களை ஓராண்டில் பார்த்துவிடலாம். வெளிச்சமும் ஈரப்பதமும், ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்றின் மேகமும் அந்தப் பாக்கியத்தைப் பெருமளவு பறித்துக்கொள்கின்றன. ஜூரோங் ஈஸ்ட்டில் அறிவியல் நிலையத்தின் வானாய்வகம் வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்கான அமர்வுகளை நடத்திவந்திருக்கிறது. செல்லுமுன் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு தொலைநோக்கியின் கண்வில்லையில் திருகிப் பொருத்தும், மில்லிமீட்டருக்கு நூறு கோடுகள் கொண்ட, ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கீற்றணி ஒன்றை வாங்கினால், அபிஜித் விண்மீனின் ஹைட்ரஜன் கோடுகளையும், கேட்டையின் டைட்டானியம் ஆக்சைடு பட்டைகளையும் மாடியிலிருந்தே பதிவு செய்யலாம். தனிம அளவைக் கணக்கிடும் துல்லியம் அதில் கிடைக்காது. கொடுத்த காசுக்கு மகிழ்ச்சி கிடைக்கும். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்குச் செல்ல வாய்ப்புக் கிடைப்பவர்கள், அங்குள்ள 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்துவரலாம். உலோகம் குறைந்த விண்மீன்களின் நிறமாலைகள் அங்கிருந்தும் எடுக்கப்பட்டு ஆராயப்பட்டிருக்கின்றன.

ஏழாம் படி: எண்களைப் படித்தல்

இரும்பு ஒன்று மட்டும் கதை சொல்லாது. ஆக்சிஜன், மெக்னீசியம், சிலிக்கான், கால்சியம் ஆகியவற்றைப் பெருமளவில் தருபவை பெருநிறை விண்மீன்கள். அவை சில மில்லியன் ஆண்டுகளிலேயே வெடித்துவிடுகின்றன. வெண்குறு விண்மீன்கள் வெடிக்கும் மற்றொரு வகைதான் இரும்பைப் பெருவாரியாக வாரியிறைக்கிறது. அது தொடங்கக் காலம் பிடிக்கும். ஆகவே முதிய விண்மீன்களில் இரும்போடு ஒப்பிட்ட மெக்னீசியம் சூரியனைவிட இரு மடங்கு அளவுக்கு மிகுந்திருப்பதைக் காண்பீர்கள். டாப்கேட்டில் நீங்கள் வரைந்த படத்தில் இடப்பக்கம் உயர்ந்து நின்று, −1ஐ ஒட்டி வலப்பக்கமாகச் சரியத் தொடங்கும் வளைவு அந்தத் தாமதத்தின் தடயமே. சரிவு முன்கூட்டியே தொடங்கும் விண்மீன்களும் அப்படத்தில் உண்டு. அவற்றுள் பல, பால்வீதி ஏறத்தாழ பத்து பில்லியன் ஆண்டுகளுக்கு முன் விழுங்கிய ஒரு சிறு விண்மீன் மண்டலத்தைச் சேர்ந்தவை என்பதைக் கையாவின் தரவுகளைக்கொண்டு 2018இல் இரண்டு குழுவினர் காட்டினார்கள்.

லித்தியத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாக் கோடும் மெலிந்த எச்டி 140283இல், 6707.8 ஆங்ஸ்ட்ராம் லித்தியக் கோடு மட்டும் சூரியனில் இருப்பதைவிட வலுவாக இருக்கிறது. சூரியன் தன் லித்தியத்தைப் பெரும்பாலும் எரித்துவிட்டது. இந்த முதிய விண்மீன் அவ்வளவாக இழக்கவில்லை. இத்தகைய விண்மீன்கள் எல்லாவற்றிலும் லித்தியம், முதற்படியில் சொன்ன மடக்கை அளவில், 2.2 என்ற மதிப்பை ஒட்டியே நிற்பதை 1982இல் ஸ்பீட் தம்பதியர் கண்டறிந்தனர். பெருவெடிப்புக் கணக்கோ 2.7 அளவு இருக்க வேண்டும் என்கிறது. இந்த மும்மடங்கு இடைவெளி இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

வயதைப் பற்றி யாரேனும் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். எச்டி 140283க்கு 14.46 பில்லியன் ஆண்டு என்று 2013இல் ஒரு கணிப்பு வெளிவந்தபோது, அண்டத்தின் வயதாகிய 13.8 பில்லியனைவிட முதிய விண்மீன் என்று செய்திகள் பறந்தன. அக்கணிப்பிலேயே 0.8 பில்லியன் ஆண்டுப் பிழைவரம்பு இருந்தது. பிற்காலக் கணிப்புகள் வயதைக் குறைத்துவிட்டன. பிழைவரம்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் பேசுவது இத்துறையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

அடுத்த பயிற்சிக்கு இரண்டு பெருவிண்மீன்களை இணையாக எடுத்துக்கொள்ளுங்கள்: எச்டி 122563, எச்டி 115444. வெப்பநிலையில் இரண்டும் நெருங்கியவை. உலோகத்தன்மையில் முதலாவது −2.7 அளவு, இரண்டாவது −3.0 அளவு. இரண்டின் நிறமாலைகளையும் ஓய்வுநிலைக்குத் திருப்பி, 4129.7 ஆங்ஸ்ட்ராமில் உள்ள யூரோப்பியக் கோட்டின் மேல் நிறுத்துங்கள். நியூட்ரான்கள் பெருவெள்ளமாகப் பாயும் இடங்களில், இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதுவது போன்ற நிகழ்வுகளில், உருவாகும் தனிமம் யூரோப்பியம். இரும்பு சற்றுக் குறைந்த எச்டி 115444இல் அக்கோடு தெளிவாக நிற்கும். இரும்பு சற்று மிகுந்த எச்டி 122563இல் அதே இடத்தைத் துழாவித் துழாவித்தான் பார்க்க வேண்டியிருக்கும். அந்த இடத்தில் தொடரொளி மட்டத்தை இருமுறை வரைந்து பார்த்துவிட்டு, பிறகு அளவெடுங்கள்.